வான்கோவின் மஞ்சள் நோயின் நிறமா?

வின்சென்ட் வான்கோவுக்கு மனநோய் வராமல் இருந்திருந்தால் 'விண்மீன்கள் நிறைந்த இரவு', 'சூரியகாந்திகள்' போன்ற ஓவியங்கள் நமக்குக் கிடைத்திருக்குமா, அந்த மஞ்சளும் சுழன்றோடும் கோடுகளும் நோயின் அறிகுறிகள்தாமே என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் உயிரோடு இருந்தவரை ஒரே ஓர் ஓவியம்தான் விற்றதா, காதின் நுனியை மட்டும்தான் அறுத்துக்கொண்டாரா என்ற இரண்டு துணைக்கேள்விகளும் கூடவே இருக்கின்றன. அவற்றுக்கு விடை சொல்வது எளிது, பிறகு வருகிறேன். முதல் கேள்விக்குள் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது வேறொன்று என்று தோன்றுகிறது. இந்த ஓவியங்களை ஒரு மனிதர் தெரிந்து, திட்டமிட்டுச் செய்தாரா, அல்லது அவருக்கு நேர்ந்த ஒரு துன்பம் தானாகவே கேன்வாஸில் படிந்துவிட்டதா? இதற்குத்தான் விரிவாக விடை சொல்ல முயல்கிறேன். நான் மருத்துவன் அல்லன். ஓவியம் படித்து, பல ஆண்டுகளாக எண்ணெய் வண்ணத்தில் வரையக் கற்றுக்கொடுத்து வருபவன். ஆகவே தூரிகை, நிறமி, பயிற்சி ஆகியவை பற்றித் துணிந்து பேசுவேன். நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் தயங்குவேன்.

வான்கோவைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு ஊகத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. அவர் எழுதிய கடிதங்களில் ஏறக்குறைய 820 கிடைத்திருக்கின்றன. அவற்றில் 650-க்கும் மேற்பட்டவை தம்பி தியோவுக்கு எழுதியவை. எந்த வாரத்தில் எந்தப் படத்தை வரைந்தார், எந்த நிறத்தை எதன் அருகில் வைத்தார், எந்த வண்ணத்தில் எத்தனை டியூப் தேவைப்பட்டது, எப்போது எழுந்து நடமாட முடியாமல் கிடந்தார் என்பதெல்லாம் அவற்றில் இருக்கின்றன. நோய் தாக்கிய நாட்களை ஒரு தாளிலும் ஓவியங்கள் பிறந்த நாட்களை இன்னொரு தாளிலும் எழுதி ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டும் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்வதில்லை. நோய் அவருடைய வேலை நாட்களைப் பறித்தது. வேலையை அவருக்குச் செய்து கொடுக்கவில்லை. என் பதில் இதுதான். ஆனால் இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதலில் பயிற்சியைப் பார்ப்போம். 1853 மார்ச் 30 அன்று நெதர்லாந்தின் தெற்கே சுண்டெர்ட் என்ற சிற்றூரில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர் அவர். 16 வயதில் கூபில் என்ற ஓவிய வணிக நிறுவனத்தின் ஹேக் நகரக் கிளையில் வேலைக்குச் சேர்ந்து, லண்டனிலும் பாரிஸிலும் பணியாற்றி, 1876-ல் வேலையை இழந்தார். பிறகு இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர், புத்தகக் கடைச் சிப்பந்தி, இறையியல் மாணவர், பெல்ஜியத்தின் போரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் மதபோதகர் என்று எதிலும் நிலைக்காமல் அலைந்து, 1880-ல், 27 வயதில்தான் ஓவியராவது என்று முடிவெடுத்தார். இறந்தது 1890-ல். இடைப்பட்ட பத்தே ஆண்டுகளில் சுமார் 860 எண்ணெய் ஓவியங்களையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோட்டுச் சித்திரங்களையும் செய்து முடித்தார். இந்தக் கணக்கைச் சொன்னதும் பலர் 'வெறி பிடித்து வரைந்தார்' என்கிறார்கள். ஆனால் முதல் ஐந்து ஆண்டுகளில் நடந்தது வெறியாட்டம் அல்ல, சலிப்பூட்டும் பாலபாடம். சார்ல் பார்க் என்ற பிரெஞ்சுக்காரர் மாணவர்களுக்காக உருவாக்கிய வரைபயிற்சித் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் படியெடுத்தார். ஹேக் நகரில் இருந்தபோது, தொலைவும் அளவும் பிசகாமல் இருக்க, கயிறுகள் குறுக்கே கட்டிய ஒரு சட்டகத்தைச் செய்வித்து அதன் வழியே பார்த்து வரைந்தார். கடற்கரைக்கும் வயலுக்கும் அந்தச் சட்டகத்தைத் தூக்கிக்கொண்டு போன மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். தன்னை மறந்து வரைகிறவர் யாரும் அப்படி ஒரு கருவியைச் சுமப்பதில்லை.

1885-ல் நியூனன் என்ற ஊரில் வரைந்த 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' இந்தப் பயிற்சியின் முடிவில் வந்தது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் குடியானவர்களின் முகங்களை மட்டும் ஏறக்குறைய 40 முறை தனித்தனியாக வரைந்து பழகினார். தோல் உரிக்காத, மண் ஒட்டிய உருளைக்கிழங்கின் நிறமே படத்தின் நிறமாக இருக்க வேண்டும் என்று கடிதத்தில் விளக்கினார். உருவங்களின் உடலமைப்பு பிழையானது என்று அவருடைய ஓவிய நண்பர் ஃபான் ராப்பார்ட் கடுமையாகக் குறை சொன்னார், நட்பே முறிந்தது. குறை சொன்னவர் முழுக்கத் தவறில்லை என்பது என் கருத்து. விளக்கொளியில் நீளும் அந்தக் கைகளின் கணுக்கள் எனக்கு மிகவும் பிடிக்கும்; ஆனால் காப்பி ஊற்றும் பெண் இருக்கும் மூலை இன்றும் சரியாக அமையவில்லை. நான் இங்கே கவனிக்கச் சொல்வது வேறு. தடித்த வண்ணம், தயங்காத தீற்றல், இயற்கையை அப்படியே பின்பற்றாத துணிவு ஆகிய மூன்றும், 1888 டிசம்பரில் வந்த முதல் நோய்த்தாக்குதலுக்கு மூன்றரை ஆண்டுகள் முன்பே அவருடைய கையில் வந்துவிட்டன. வராமல் இருந்தது பளிச்சென்ற நிறம் மட்டுமே.

அந்த நிறம் பாரிஸில் வந்தது. 1886 தொடக்கத்திலிருந்து 1888 பிப்ரவரி வரை தியோவோடு அங்கே தங்கியிருந்தார். பிஸாரோ, சின்யாக், துலூஸ்-லோத்ரெக், பெர்னார், கோகன் ஆகிய ஓவியர்களின் பழக்கம் கிடைத்தது. மாடலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால், எதிர் நிறங்களைப் பழகுவதற்காகவே கொத்துக் கொத்தாகப் பூக்களை வரைந்தார். இரண்டு நிறங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒன்றை ஒன்று எப்படித் தூக்கிக் காட்டுகின்றன என்ற கோட்பாட்டை நியூனனிலேயே நூல்களில் படித்திருந்தார். அதைச் சோதிக்க அவர் வைத்திருந்த ஒரு சிவப்பு அரக்குப் பெட்டி இன்றும் ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே கம்பளி நூல் உருண்டைகள்; இரண்டு மூன்று நிற இழைகளைச் சேர்த்துச் சுற்றியவையும் உண்டு. வண்ணத்தைக் கேன்வாஸில் வைப்பதற்கு முன்பு நூலை வைத்துப் பார்த்திருக்கிறார். என் மாணவர்களுக்கு இன்றும் இதைச் செய்யச் சொல்கிறேன், காசு செலவில்லை. அத்துடன் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நூற்றுக்கணக்கில் வாங்கிய ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களிலிருந்து, நிழலே இல்லாத தட்டையான நிறப்பரப்பையும் அழுத்தமான புறக்கோட்டையும் எடுத்துக்கொண்டார். ஹிரோஷிகேயின் இரண்டு படங்களை 1887-ல் எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தும் பழகினார்.

1888 பிப்ரவரியில் பிரான்சின் தெற்கே ஆர்ல் நகருக்குப் போனார். நீங்கள் கேட்கும் மஞ்சள் இங்கேதான் தொடங்குகிறது. அதற்கு மருத்துவக் காரணம் சொல்பவர்கள் டிஜிட்டாலிஸ் என்ற மருந்தைக் குறிப்பிடுவார்கள். நரிக்கையுறைச் செடியிலிருந்து எடுக்கப்படும் அந்த இதய மருந்து மிகுந்தால் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்பது உண்மை. வான்கோவின் கடைசி மருத்துவர் காஷேவின் உருவப்படத்தில் அந்தச் செடி மேசைமேல் கிடப்பதும் உண்மை. ஆனால் காஷேவை அவர் சந்தித்தது 1890 மே மாதம். சூரியகாந்திகளை வரைந்தது 1888 ஆகஸ்டில். தவிர, அவருக்கு அந்த மருந்து கொடுக்கப்பட்டதற்கு எந்த ஆவணமும் இல்லை. இதைவிட எளிய மறுப்பு ஒன்று ஓவியர்களுக்குத் தெரியும். உலகமே மஞ்சளாகத் தெரியும் ஒருவருக்குத் தட்டிலுள்ள வண்ணமும் அப்படித்தான் தெரியும். காட்சியோடு ஒப்பிட்டு நிறத்தைத் தேர்ந்தால் பிழை தானாகவே கழிந்துவிடும். அதே மாதங்களில் அவர் வரைந்த நீல வானங்களும் வெண்பூக்களும் அதற்குச் சாட்சி.

மஞ்சள் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை அவர் தியோவுக்கு அனுப்பிய வண்ணப் பட்டியல்களில் இருக்கிறது. குரோம் மஞ்சளை ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று சாயல்களில், எலுமிச்சை முதல் ஆரஞ்சு வரை, தனித்தனியாக எண்ணிக்கையோடு கேட்டு வாங்கியிருக்கிறார். மஞ்சள் பின்னணியில், மஞ்சள் மேசைமேல், மஞ்சள் பூக்களை வைத்து வரைந்து பாருங்கள், எவ்வளவு கடினம் என்று தெரியும். புதிதாகக் கற்பவர் கையில் அது ஒரே வாரத்தில் சேறாகிவிடும். நிழல் கொடுக்கக் கறுப்பையோ பழுப்பையோ கலந்தால் பூ செத்துவிடும். மஞ்சளுக்குள்ளேயே சூடானதையும் குளிர்ந்ததையும் பிரித்து, மீதி வேறுபாட்டை வண்ணத்தின் தடிமனால் காட்ட வேண்டும். வான்கோ அதைத்தான் செய்தார். சுவரில் வண்ணம் தட்டையான நெசவாக ஓடுகிறது. விதைத்தலைகளில் தூரிகை குத்திக் குத்திப் புள்ளியாக எழுந்து நிற்கிறது. இதழ் ஒவ்வொன்றும் ஓரிரு இழுப்பில் முடிகிறது. பூ சீக்கிரம் வாடிவிடும், ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பதற்காகச் சூரியன் எழும்போதே வேலையைத் தொடங்கிவிடுவதாக எழுதினார். கோகன் வந்து தங்கப்போகும் வீட்டை அலங்கரிக்க வேண்டும் என்பதே அந்த அவசரத்தின் பின்னணி. அவற்றில் ஒன்று இன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் இருப்பது, காது அறுந்த சம்பவத்துக்குப் பிறகு, 1889 ஜனவரியில் அவரே அதைப் பார்த்து மறுபடி வரைந்த படம். முதல் தாக்குதலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து நோய் எங்கே புகுந்தது என்று காட்டுங்கள் என்றால், எந்த நிபுணராலும் காட்ட முடியாது.

இரவு விடுதிப் படம் ஒன்று உண்டு, 1888 செப்டம்பரில் வரைந்தது. இரத்தச் சிவப்பான சுவர், பச்சைக் கூரை, நடுவே பில்லியர்ட்ஸ் மேசை, எலுமிச்சை மஞ்சள் விளக்குகள். பார்த்தால் தலை சுற்றும். 'பைத்தியத்தின் பார்வை' என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் மனிதனின் கொடிய வேட்கைகளைச் சிவப்பாலும் பச்சையாலும் வெளிப்படுத்த முயன்றேன், ஒருவன் தன்னை அழித்துக்கொள்ளவும் சித்தம் கலங்கவும் குற்றம் புரியவும் கூடிய இடம் இது என்று காட்ட நினைத்தேன் என்ற பொருளில் அவரே தியோவுக்கு விளக்கி எழுதியிருக்கிறார். மயக்கத்தை வரைவது வேறு, மயக்கத்தில் வரைவது வேறு.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது, பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாம் இன்று பார்ப்பது அவர் வைத்த நிறம் அல்ல. குரோம் மஞ்சள் ஒளிபட்டால் நாளடைவில் பழுப்பேறும். அதிலுள்ள குரோமியம் வேதி மாற்றம் அடைவதை 2011-ல் எக்ஸ் கதிர் ஆய்வுகள் உறுதிப்படுத்தின. அவர் விரும்பி வாங்கிய ஜெரேனியம் லேக் என்ற சிவப்பு அதைவிட மோசம், வெளிச்சத்தில் கரைந்தே போய்விடும். 'படுக்கையறை' ஓவியத்தின் சுவரை வெளிர் ஊதா என்று கடிதத்தில் எழுதினார்; நாம் பார்ப்பது நீலச் சுவர், ஏனெனில் அதில் கலந்திருந்த சிவப்பு மங்கிவிட்டது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள, ஜாடியில் நிற்கும் ஐரிஸ் மலர்களின் பின்னணி ஒரு காலத்தில் இளஞ்சிவப்பாக இருந்தது. இன்று ஏறத்தாழ வெள்ளை. ஆகவே அவருடைய மனநிலையை அவர் வைத்த நீலத்திலிருந்து கணிப்பவர்கள், சில இடங்களில் அவர் வைக்கவே வைக்காத நீலத்திலிருந்து கணிக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த வண்ணங்கள் நிலைக்காதவை என்பது அவருக்கே தெரியும். அதனால்தான் துணிந்து அழுத்தமாகப் பூச வேண்டும், காலம் வேண்டிய அளவுக்கு மேலேயே மென்மையாக்கிவிடும் என்று 1888-லேயே எழுதினார்.

இப்போது நோய். கோகன் 1888 அக்டோபர் 23 அன்று ஆர்லுக்கு வந்து, வான்கோவின் மஞ்சள் வீட்டில் இரண்டு மாதம் சேர்ந்து வாழ்ந்தார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 23 இரவு வான்கோ சவரக் கத்தியால் தன் காதை அறுத்து, காகிதத்தில் சுற்றி, ஒரு விலைமாதர் இல்லத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்தார். காதின் நுனி மட்டும்தான் என்று பல காலம் சொல்லப்பட்டது. அன்று அவருக்குச் சிகிச்சை அளித்த இளம் மருத்துவர் ஃபெலிக்ஸ் ரே 1930-ல் வரைந்து கொடுத்த குறிப்புப் படம் 2016-ல் வெளியானபோது ஐயம் தீர்ந்தது. கீழே ஒரு சிறு துணுக்கு தவிர, காது முழுவதும் போய்விட்டது. கோகன்தான் வாளால் வெட்டினார் என்று 2009-ல் இரண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. அடுத்த சில வாரங்களில் நோய் மீண்டும் தாக்கியது. அக்கம்பக்கத்தார் முப்பது பேர் அளவில் கையெழுத்திட்டு நகராட்சித் தலைவருக்கு மனுக் கொடுக்க, காவலர்கள் வீட்டைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். 1889 மே 8 அன்று, தாமே விரும்பி, சான் ரெமி என்ற ஊரிலுள்ள மனநலக் காப்பகத்தில் சேர்ந்தார்.

அங்கே இருந்த ஓராண்டுதான் உங்கள் கேள்விக்கு உரைகல். அந்த ஓராண்டில் சுமார் 150 ஓவியங்கள் வரைந்தார். பெரிய தாக்குதல்கள் 1889 ஜூலை நடுவிலும், டிசம்பர் இறுதியிலும், 1890 ஜனவரியிலும், பிப்ரவரி இறுதியிலும் வந்தன. கடைசியாக வந்தது ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்தது. தாக்குதலின்போது வண்ணத்தை விழுங்க முயன்றதால் அவருடைய வண்ணங்களைச் சில காலம் எடுத்து வைத்துவிட்டார்கள். 'விண்மீன்கள் நிறைந்த இரவு' எப்போது பிறந்தது? 1889 ஜூன் நடுவில், அவர் தெளிவாக இருந்த, ஒழுங்காகக் கடிதம் எழுதிய வாரங்களில். விடிவதற்கு வெகுநேரம் முன்பு சன்னல் வழியே பெரிதாகத் தெரிந்த விடிவெள்ளியைப் பற்றி அதற்குச் சில நாள் முன்னரே எழுதியிருந்தார். ஆனால் படம் சன்னலருகே இரவில் வரைந்ததல்ல. பகலில், வரைவதற்கென்று கொடுத்திருந்த வேறோர் அறையில், நினைவிலிருந்து அமைத்தது. கீழே தெரியும் ஊர் அந்தச் சன்னலிலிருந்து தெரியாது, தேவாலயக் கோபுரமும் அந்த வட்டாரத்துப் பாணியில் இல்லை. பல இடங்களிலிருந்து எடுத்துச் சேர்த்துக் கட்டிய காட்சி அது. சுழலும் கோடு, ஜப்பானிய அச்சுப் படங்களையும் பழைய மரச்செதுக்குகளையும் பார்த்த ஒருவர் பாணியைத் தேடிச் செய்த சோதனை. தியோவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, பாணியைத் தேடிப்போவதில் பொருள்களின் உண்மையான உணர்வு குறைந்துபோகிறது என்றார். வான்கோவும் பின்னர் பெர்னாருக்கு எழுதும்போது, விண்மீன்களைப் பெரிதாக்கியதைத் தம் தோல்விகளில் ஒன்றாகவே குறிப்பிட்டார். நோயின் உச்சத்தில் பொங்கி வந்த தரிசனம் என்று இன்று நாம் கொண்டாடுவதை, செய்தவர் தவறிப்போன ஒரு பரிசோதனையாகப் பார்த்தார்.

விதிவிலக்குகள் இரண்டு. ஜூலைத் தாக்குதல் அவர் வெளியே, காற்று வீசும் நாளில், கல்குவாரி வாயிலை வரைந்துகொண்டிருந்தபோதே வந்தது. ஆனாலும் அந்தப் படத்தை முடித்துவிட்டதாக எழுதினார். அதில் நிறம் அடங்கி, பழுப்பும் பச்சையுமாக இருக்கிறது. இரண்டாவது விதிவிலக்கு இன்னும் முக்கியமானது. 1890 வசந்தத்தில், நோய்வாய்ப்பட்டிருந்த வாரங்களில், நினைவிலிருந்து சில சிறு படங்களை வரைந்தார். 'வடக்கின் நினைவுகள்' என்று அவரே குறிப்பிட்டார். ஆம், நோய்க்குள் இருந்தபடி வரைந்தவை நம்மிடம் இருக்கின்றன. அவற்றில் என்ன இருக்கிறது தெரியுமா? ஓலை வேய்ந்த குடிசைகள், குனிந்து கிழங்கு தோண்டும் பெண்கள், நியூனன் காலத்து உருவங்கள். கோடு தளர்ந்து, உருவங்கள் உறுதியில்லாமல், அவருடைய நல்ல படங்களோடு சேர்த்து வைக்க முடியாதவை. நோய் அவருடைய கையில் எதைத் தந்தது என்று அறிய விரும்புபவர் பார்க்க வேண்டியவை இவைதான், சூரியகாந்திகள் அல்ல.

ஆனால் நோய்க்கும் ஓவியத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கே வாழ்ந்தார், எதைப் பார்த்தார் என்பதை நோய் தீர்மானித்தது. காப்பகத்துக்கு வந்த முதல் வாரங்களில் வெளியே போக அனுமதி இல்லாததால் தோட்டத்து ஐரிஸ் மலர்களை வரைந்தார். கம்பியிட்ட சன்னலுக்கு அப்பால் மதில் சூழ்ந்த கோதுமை வயல் ஒன்று இருந்ததால் அதைத் திரும்பத் திரும்ப வரைந்தார். மாடல்கள் கிடைக்காததால் மில்லே என்ற பிரெஞ்சு ஓவியருடைய படங்களின் கறுப்பு வெள்ளை அச்சுகளைத் தம் நிறத்தில் மறுபடி வரைந்தார். வேலையில் முழுமூச்சாக இறங்க முடிந்தால் அதுவே சிறந்த மருந்தாக இருக்கும் என்று அவரே எழுதினார். வரைவது அவரைக் காப்பாற்றியது என்பதற்குச் சான்று உண்டு. நோய் அவரை வரைய வைத்தது என்பதற்கு இல்லை.

அது என்ன நோய்? இங்கே நான் மற்றவர்கள் சொன்னதைத்தான் சொல்ல முடியும். டாக்டர் ரே வலிப்பு நோயின் ஒரு வகை என்று கருதினார். காப்பகத்து மருத்துவர் பெய்ரோனும் அதையே பதிவு செய்தார். பிற்காலத்தவர்கள் இருமுனைக் கோளாறு (மனம் மிகுந்த எழுச்சிக்கும் மிகுந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்), போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய், சிஃபிலிஸ், ஈய நச்சு, அப்சிந்த் மது என்று ஒரு நீண்ட பட்டியலே போட்டுவிட்டார்கள். 2020-ல் நெதர்லாந்து மனநல மருத்துவர்கள் சிலர், கடிதங்களையும் கலை வரலாற்றாளர்களின் அறிவையும் துணைகொண்டு ஆராய்ந்து, இருமுனைக் கோளாறும் ஆளுமைச் சிக்கலின் கூறுகளும் சேர்ந்திருக்கலாம், காதை அறுத்த பிறகு வந்த சித்தக் கலக்கத்துக்குத் திடீரென்று மது நின்றதும் காரணமாக இருக்கலாம் என்று சொன்னார்கள். இது எனக்கு மற்றவற்றைவிட நிதானமாகப் படுகிறது. குடும்பத்திலும் துன்பம் இருந்தது. தங்கை வில்லமீன் வாழ்வின் பிற்பாதி முழுவதையும் மனநலக் காப்பகத்தில் கழித்தார். ஆனால் நோயாளியைப் பார்க்காமல், நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளியில் செய்யும் எந்தக் கணிப்பும் கணிப்புத்தான். படத்தை மட்டும் பார்த்து நோயைச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

விற்பனைக்கு வருகிறேன். ஒரே ஓவியம் என்பது பாதி உண்மை. 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' 1890-ல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் 400 ஃபிராங்குக்கு விற்றது. வாங்கியவர் அன்னா பாக் என்ற பெல்ஜிய ஓவியர். இன்று மாஸ்கோவில் இருக்கிறது. ஆனால் 1882-லேயே அவருடைய சித்தப்பா ஹேக் நகரக் காட்சிகளாகப் பன்னிரண்டு கோட்டுச் சித்திரங்களைப் பணம் கொடுத்து வரையச் சொன்னார். சக ஓவியர்களோடு படங்களை மாற்றிக்கொள்வதும் இருந்தது. அதைவிட முக்கியமானது தியோவோடு இருந்த ஏற்பாடு: தியோ மாதந்தோறும் பணம் அனுப்புவார், ஓவியங்கள் தியோவுக்கு உரியவை. ஆர்லில் அது பெரும்பாலும் மாதம் 150 ஃபிராங்க். அவர் உருவப்படம் வரைந்த அஞ்சலக ஊழியர் ரூலன் 135 ஃபிராங்கில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு குடும்பம் நடத்தினார் என்று வான்கோவே எழுதியிருக்கிறார். ஆகவே அவர் பட்டினி கிடந்த நாட்களுக்குக் காரணம் வருமானமே இல்லாதது அல்ல. வந்ததெல்லாம் வண்ணத்துக்கும் கேன்வாஸுக்கும் போனதே. கடைசி ஆண்டில் பெயரும் பரவத் தொடங்கியிருந்தது. 1890 ஜனவரியில் அல்பேர் ஓரியே என்ற விமர்சகர் அவரைப் பெரிதும் புகழ்ந்து எழுத, தம்மைவிட மோன்டிசெல்லி என்ற ஓவியருக்கும் கோகனுக்கும்தான் அந்தப் புகழ் உரியது என்று வான்கோ பதில் எழுதினார்.

1890 மே 20 அன்று பாரிஸுக்கு வடக்கே ஓவேர் என்ற ஊருக்கு வந்தார். எழுபது நாட்களில் ஏறத்தாழ அத்தனை படங்கள். ஜூலை 27 அன்று துப்பாக்கிக் காயத்தோடு தங்கியிருந்த விடுதிக்குத் தாமே நடந்து திரும்பி, 29 அன்று தியோ அருகிலிருக்க இறந்தார், வயது 37. தாமே சுட்டுக்கொண்டதாக விசாரித்தவர்களிடம் சொன்னார். இரண்டு அமெரிக்க வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் 2011-ல், ஊர்ச் சிறுவர் ஒருவரின் கையால் தவறுதலாகச் சுடப்பட்டிருக்கலாம் என்று எழுதினார்கள். வான்கோ அருங்காட்சியக ஆய்வாளர்கள் 2013-ல் அதை மறுத்தார்கள். மறுப்பின் பக்கமே ஆதாரம் வலுவாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 'காகங்கள் பறக்கும் கோதுமை வயல்' அவருடைய கடைசி ஓவியம் என்று பலர் எழுதுவது தவறு. தியோவின் மைத்துனர் எழுதி வைத்த குறிப்பைக் கொண்டு பார்த்தால், கடைசியாக வரைந்துகொண்டிருந்தது 'மர வேர்கள்', முற்றுப்பெறாத படம்.

ஆறு மாதத்தில் தியோவும் இறந்தார். கைக்குழந்தையோடும் நூற்றுக்கணக்கான ஓவியங்களோடும் தனித்து நின்ற அவருடைய மனைவி யோஹன்னா, படங்களைக் கண்காட்சிகளுக்கு அனுப்பி, கடிதங்களை வரிசைப்படுத்தி 1914-ல் வெளியிட்டார். நாம் இவ்வளவு பேச முடிவதற்கு அவரே காரணம். அந்தக் கடிதங்கள் அனைத்தும் இன்று ஆங்கில மொழிபெயர்ப்போடும் கையெழுத்துப் பிரதியின் படத்தோடும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேலும் அறிய விரும்பினால் 1888 ஆகஸ்ட், செப்டம்பர் மாதக் கடிதங்களிலிருந்து தொடங்குங்கள்; ஒவ்வொரு கடிதத்திலும் அவர் குறிப்பிடும் படத்தைத் திரையில் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு, அவர் சொல்லும் நிறமும் நீங்கள் பார்க்கும் நிறமும் எங்கெல்லாம் வேறுபடுகின்றன என்று குறித்துக்கொண்டே போங்கள்.